கொடிமரத்தடியில் ஒரு விண்மீன் பேச்சு

குடவாசலுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், வயல் கூலியான ஐயாவுவின் மகளாகப் பிறந்தவள் அம்சம். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூடப் பயிற்சி தரும் டெமான்ஸ்ட்ரேட்டராக வேலை பார்த்தாள். படிக்கிற காலத்தில் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் ஆய்வுக்கூடத்து நிறமாலைமானியில் முதன்முதலாகக் கண் வைத்தவள், சோடியம் விளக்கின் இரண்டு மஞ்சள் கோடுகளைப் பார்த்துவிட்டு நகரவே மறுத்தாளாம். “மத்தவங்களுக்கும் கண்ணு இருக்கும்மா” என்று பேராசிரியர் சொல்ல வேண்டியதாயிற்று.

எழுபத்திரண்டாம் வருடம் பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்தபோது, சம்பா முற்றித் தலைசாய்ந்து நின்றது. அரிவாள் எடுக்கத்தான் ஆளில்லை. கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தது. தாசில்தார் முன்னிலையில் மிராசுதார்களோடு பேசத் தலைவர்கள் குடவாசல் போயிருந்தார்கள். பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. சங்கக் கொடிமரத்தடியில் காத்திருந்த கூட்டம் நெளிய ஆரம்பித்தது. கிளைச் செயலாளர் இளையபெருமாளுக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. கூட்டத்தில் நின்ற அம்சத்திடம் வந்தார்.

“டீச்சர், அவங்க வர்ற வரைக்கும் எதையாவது பேசுங்களேன். கூட்டம் கலைஞ்சிடும் போலருக்கு.”

“எனக்கு நட்சத்திரந்தாங்க தெரியும்.”

“அதையே பேசுங்க!”

பக்கத்தில் டீ கொதித்துக்கொண்டிருந்த பம்ப் ஸ்டவ்வின் நீலச் சுடரில் அம்சம் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினாள். சுடர் பளிச்சென்று மஞ்சளாகியது.

“உப்புல சோடியம்னு ஒன்னு இருக்கு. அதோட அடையாளம் இந்த மஞ்சள். நட்சத்திர வெளிச்சத்தைப் பட்டகம்னு ஒரு முக்கோணக் கண்ணாடியில பிரிச்சா வானவில் மாதிரி விரியும். நடுநடுவுல கறுப்புக் கோடு விழும். இந்த மஞ்சளுக்கான எடத்துல கோடு விழுந்தா, அங்கயும் சோடியம் இருக்கு, அதுதான் அந்த மஞ்சளை முழுங்கிடுச்சுன்னு அர்த்தம். போய்ப் பாக்க வேண்டியதில்ல.”

கிழக்கே ஏறியிருந்த திருவாதிரையைக் காட்டினாள். “அது செவப்பா இருக்கு பாருங்க. சூடு கம்மி. ஊதிப் பெருத்து, முடிவை நெருங்கின நட்சத்திரம்.”

நடவுக் கோஷ்டியில் முதல் ஆளான காளியம்மாள் விடவில்லை. “அது பொறந்து சாவுற வரைக்கும் பாத்தது யாரு?”

“யாரும் பாக்கல அக்கா. பஸ்ல மன்னார்குடி போறப்ப ஒரு வயல்ல நாத்து, ஒரு வயல்ல பால் புடிச்ச கதிர், ஒரு வயல்ல வைக்கோல் கெடந்தா, நெல்லு எப்படி வளருதுன்னு ஒரே நாள்ல புரிஞ்சுடாது? அப்படித்தான் விதவிதமான நட்சத்திரத்தை வச்சுக் கண்டுபுடிச்சாங்க.”

பிறகு அண்டங்களுக்கு வந்தாள். கோடி கோடி நட்சத்திரங்கள் சேர்ந்தது ஓர் அண்டம். தூரத்து அண்டங்களின் வெளிச்சத்தில் அந்தக் கோடுகள் சிவப்புப் பக்கமாக நகர்ந்திருக்கின்றன. நடுவிலிருக்கும் வெற்றிடமே விரிவதால் அவை நம்மை விட்டு விலகுகின்றன. எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகம்.

“அப்ப நம்ம ஊரும் குடவாசலும் விலகுதா?” என்றார் ஒருவர்.

“இல்லைங்க. கிட்ட இருக்கிறதெல்லாம் ஒன்னையொன்னு இழுத்துப் புடிச்சுக்கும்.”

“கேட்டுக்குங்க,” என்றாள் காளியம்மாள். “மிராசுதாரை விட்டுக் காசு தானா விலகி வராது. நாமதான் கேக்கணும்!” கூட்டம் சிரித்துக் குலுங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தலைவர்கள் வந்துசேர்ந்தார்கள். கூலி உயர்வுக்கு மிராசுதார்கள் ஒத்துக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவர் துரைராசு மூச்சு வாங்க, “தோழர்களே...” என்று தொடங்கினார்.

“செத்த இருங்க,” என்றாள் காளியம்மாள். “டீச்சர் பேசி முடிக்கட்டும்.”

அவரும் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். மறுநாள் அறுப்பு தொடங்கியது.

அடுத்த சில மாதங்களில் இளையபெருமாளுக்கு மன்னார்குடியில் அடிக்கடி வேலை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு சந்தேகத்தோடு கல்லூரி வாசலில் நிற்பார். கடைசியில் அம்சமே, “இதுக்கு மேல கேக்கறதுக்கு உங்களுக்கு ஒன்னுமில்ல. வீட்டுல வந்து பேசுங்க,” என்று சொல்லிவிட்டாள். மேடை போட்டு, மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் நடந்தது.

பல வருடம் கழித்து, துறைத்தலைவியாக மாணவிகளைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப் போனபோதுதான், ஓர் அண்டத்தின் நிறமாலை பதிந்த கண்ணாடித் தகட்டை அம்சம் முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. வீடு திரும்பியதும் கணவரிடம் சொன்னாள்:

“அந்தக் கோடு நெசமாவே செவப்புப் பக்கம் நகர்ந்துதாங்க இருக்கு.”

“இத்தனை வருஷமா சந்தேகத்தோடயா பேசுன?” என்று கேட்டுவிட்டு அவர் சாப்பாடு எடுத்து வைக்கப் போனார்.