பெருக்காமல் விட்ட ஒன்றரை

அது ஸ்கூல் புள்ளை போடுற கணக்கு. ஒரு சாமான் தண்ணியைவிட எத்தனை மடங்கு கனம்னு சொல்றது ஒப்படர்த்தி. அதை ஆயிரத்தால பெருக்கினா அடர்த்தி, ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோன்னு வந்துடும். சிதம்பரத்துல கெமிஸ்ட்ரி படிச்சு முடிச்சவ நான். எனக்குத் தெரியாதா? தெரியும். போடலை.

2008-ல கடலூர் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனி லேப்ல இருந்தேன். காஸ்டிக் சோடா கரைசல் லோடு ஏத்துறதுக்கு முன்ன ஒப்படர்த்தி பார்த்துச் சீட்டுல எழுதணும். அதைப் பெருக்கிப் பார்த்து எத்தனை லிட்டரோட நிறுத்தணும்னு சொல்றது எடைமேடை கிளார்க். அன்னிக்கு மேடையும் ரிப்பேர், அவரும் லீவு. தெரிஞ்சேதான், 'பெருக்குறதெல்லாம் லேப் வேலையா'ன்னு வீம்பா 1.5ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுச் சாப்பிடப் போனேன். திமிரு, வேறென்ன.

வந்திருந்தது மாமா ஓட்டுற டேங்கர். மாமான்னா எங்க அக்கா வீட்டுக்காரர். பத்தாயிரம் லிட்டர் டேங்க், பத்து டன் தாங்குற வண்டி. அதுவரைக்கும் அதுல தண்ணிதான் ஓட்டினார். நிறுத்தச் சொல்ல ஆளில்லாம வாய்வரைக்கும் ரொப்பிட்டாங்க.

தயிர்சாதத்துல கைய வெச்சப்ப, டயரெல்லாம் அமுங்கி வண்டி கேட்டைத் தாண்டிப் போவுது. லிட்டருக்கு ஒன்றரை கிலோ, மொத்தம் பதினஞ்சு டன். அஞ்சு டன் ஜாஸ்தி. சாதத்தை அப்படியே விட்டுட்டு மாமாவுக்கு போன் அடிச்சுகிட்டே இருந்தேன். ஓட்டும்போது மாமா போனே எடுக்க மாட்டார்.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு வளைவுல பிரேக் புடிக்காம வண்டி பள்ளத்துல எறங்கிடுச்சு. மாமாவுக்கு முட்டி ஒடைஞ்சதோட போச்சு. "நான்தான் லேட்டா மிதிச்சேன் போல"ன்னார் ஆஸ்பத்திரியில. கம்பெனியில என் சீட்டைப் பார்த்தாங்க. 1.5 சரியாத்தான் இருந்துச்சு, யாரும் என்னை ஒண்ணும் கேக்கலை.

முட்டி கூடிடுச்சு, ஆனா அவர் வண்டி ஏறலை. அக்கா தையல் மிஷின் மிதிச்சுக் குடும்பத்தை ஓட்டுச்சு. 2012 பொங்கலுக்குப் போனப்ப மாமா கையில லைசென்ஸ். ஒருத்தர் லாரி ஓட்டக் கூப்பிடுறாராம்.

"நீ படிச்ச புள்ளை, நெசத்தைச் சொல்லு. லோடு ஜாஸ்தின்னா தப்பு என்மேல இல்ல, நான் போவேன். அன்னிக்கு லோடு சரியாத்தான இருந்துச்சு?"

அக்கா அடுப்படியிலேர்ந்து என்னையே பார்த்துச்சு.

"சரியாத்தான் இருந்துச்சு மாமா."

தலையை ஆட்டிகிட்டார். லைசென்ஸை பீரோவுல வெச்சுப் பூட்டினார்.