ஞாயிற்றுக்கிழமைச் சந்தேகம்

நீரஜா சிகாகோவுக்குப் போய் ஏழு மாதமாகிவிட்டது. தி.நகரில் ஒரே மென்பொருள் கம்பெனியில், அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்து வேலை பார்த்த தம்பதி அவளும் ஸ்ரீவத்சனும். அமெரிக்க வாடிக்கையாளர் கேட்டது அவளை மட்டும்தான். அவள் பாதியில் விட்டுப்போன சி ப்ளஸ் ப்ளஸ் நிரல்கள் ஸ்ரீவத்சன் தலையில் விழுந்தன.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மந்தைவெளி வீட்டுக்கு அவள் போன் வரும். முதலில் பேசித் தீரவில்லை. தொண்ணூற்றேழு தீபாவளிக்குப் பிறகு சாப்பாடு, மழை, அங்கே குளிர் என்பதோடு பேச்சு வற்றிவிட்டது. வேலையில் சிக்கல் வந்தால் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, படம் போட்டு, மூச்சுவிடாமல் விளக்குவாளே, அந்தக் குரலுக்காக அவன் ஏங்கினான்.

டிசம்பரில் அடையாறு ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்குச் செய்த நிரலில் கோளாறு. ரத்த மாதிரியின் எண் சரியாகப் பதிவானது. அச்சிட்ட அறிக்கையிலோ பூஜ்யம். நீரஜா இன்டர்ஃபேஸ் எனும் இணைப்பு வார்ப்புகள் இரண்டு எழுதியிருந்தாள், பதிவுக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று. இரண்டும் 'மாதிரி' என்ற ஒரே கிளாஸிலிருந்து, அதாவது மூல வார்ப்பிலிருந்து, வந்தவை. இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்யும் கிளாஸை ஸ்ரீவத்சன் எழுதியபோது, அதற்குள் 'மாதிரி' இரண்டு பிரதிகளாக உட்கார்ந்துவிட்டது. ஒரு பக்கம் வைத்த எண் மறுபக்கத்துக்குத் தெரியவில்லை.

மூலப் பிரதி ஒன்றே போதும் என்று சொல்லும் 'விர்ச்சுவல்' என்ற சொல்லை இரண்டு இன்டர்ஃபேஸிலும் சேர்த்தான். பிரதி ஒன்றானது. இப்போது இரண்டு பக்கமும் பூஜ்யம்! மூன்று நாள் மல்லுக்கட்டி, வெள்ளிக்கிழமை மதியம் காரணத்தைப் பிடித்தான். திருத்தி எடுத்துக்கொண்டு அடையாறுக்கே பஸ் ஏறிப் போய், எண்ணோடு அறிக்கை வெளிவருவதைப் பார்த்த பிறகுதான் வீடு திரும்பினான்.

ஞாயிறன்று போன் வந்ததும், "நீரு, ஒரு சந்தேகம். அந்த லேப் புரோகிராம்ல நம்பர் பூஜ்யமாவே வர்றது," என்றான்.

"விர்ச்சுவல் போட்டேளா?"

"போட்டாச்சு."

"அது மட்டும் போறாது." அவள் குரல் சட்டென்று நிமிர்ந்தது. "இப்போ 'மாதிரி' ஒண்ணே ஒண்ணுதான். கடைசியில இருக்கே உங்க கிளாஸ், அதை உண்டாக்கற கன்ஸ்ட்ரக்டர்தான் நேரா அதைக் கூப்பிட்டு நம்பரைக் கொடுக்கணும். நடுவுல இருக்கற ரெண்டும் கொடுக்கறதை அது காதுலயே வாங்கிக்காது. பேப்பர் எடுத்துண்டேளா? மேல ஒரு கட்டம் போடுங்கோ..."

அவன் பேப்பர் எடுக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் நடுவில் நிறுத்தினாள். "இதை நீங்க ஏற்கெனவே கண்டுபிடிச்சாச்சு, இல்லையா?"

"எப்படித் தெரியும்?"

"இல்லேன்னா இதுக்குள்ள நாலு தரம் குறுக்கே பேசியிருப்பேள்."

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. "வெள்ளிக்கிழமையே சரி பண்ணிட்டேன். நீ இப்படிப் பேசிக் கேட்டு எத்தனை நாளாச்சு!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கம்பெனியில மார்ச் வரைக்கும் இங்கேயே இருக்கச் சொல்றா. போன வாரமே சொல்லியிருக்கணும். வாய் வரலை."

"சரி," என்றான்.

"மீதியையும் சொல்லட்டுமா?"

"சொல்லேன்."

தெரிந்த விடையை அவள் முழுக்கச் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டான்.

மார்ச் என்றது ஜூனாக நீண்டது. அதுவரை முடிந்த ஞாயிறுகளிலெல்லாம் அவன் ஒரு சந்தேகம் வைத்திருந்தான். கேட்க எதுவும் அகப்படாத வாரங்களில் இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள்.