கூடத்துச் சுவரில் சாக்பீஸ் வட்டங்கள்

நம்புவதும் நம்பாததும் படிப்பவர் பாடு. வீடு இருக்கிறது. சுவர் இருக்கிறது. பூவிழியும் இருக்கிறாள். அந்தத் தெருவுக்குள் போக நேர்ந்தால் மட்டும் எதிர்ச்சாரியிலேயே நடந்து போகிறாள்.

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது அந்த வீடு. நூறு வயது தாண்டிய சுண்ணாம்புக் கட்டடம். முன்கட்டு காலி. பின்கட்டில் சரிதா மதியச் சாப்பாடு சமைத்துப் பார்சல் கட்டி விற்கிறாள். பிரான்சில் இருக்கும் அவள் கொழுந்தனுக்கு வீட்டை இடித்து லாட்ஜ் கட்ட ஆசை. அடுப்படியிலிருந்து வாசல் நிலை வரை ஓடும் கூடத்துச் சுவர்தான் மாடியைத் தாங்குகிறது. அது உறுதியாக இருந்தால் வீடு பிழைக்கும். இல்லையென்றால் இடித்துவிடுவார்கள். இரண்டில் ஒன்றைச் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டியவள் பூவிழி. பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் குழுவில் பொறியாளர்.

சுவரைச் சோதிக்கும் முறை எளிது. சின்ன மரச்சுத்தியால் தட்டிக் காது கொடுக்க வேண்டும். கெட்டியான இடம் ‘டக்’ என்னும். உள்ளே விட்டுப்போன இடம் ‘தொம்’ என்னும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம்.

காலையில் அடுப்படி மூலையில், நெஞ்சு உயரத்தில், ஒரே ஒரு ‘தொம்’. கொத்தனார் கன்னியப்பன் காதை வைத்துப் பார்த்தார்.

“உள்ள எவனோ குடியிருக்கான் பாப்பா. வாடகை குடுக்கறானான்னு கேளு.”

“சும்மா இருங்கண்ணே. அக்கா காதுல விழுந்துடப் போவுது.”

விழுந்துவிட்டது. சரிதா கரண்டியோடு வந்து நின்றாள். “வீடு போயிடுமா மேடம்?”

“ஒரு எடம்தான்க்கா. பரவாம இருந்தா பயமில்ல. இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்.”

சரிதாவின் பார்வை மரச்சுத்தியில் நின்றது. என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அடுப்பில் சாம்பார் பொங்கும் சத்தம் கேட்டு ஓடிவிட்டாள்.

மதியம். தெருவில் கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டன. அந்த வேளையில் இந்த ஊர் அப்படித்தான், ஒரு சைக்கிள் மணி கூடக் கேட்காது. சரிதா பார்சல்களோடு ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருந்தாள். கன்னியப்பன் சாப்பிடப் போயிருந்தார். பூவிழி தனியாகச் சுத்தியை எடுத்தாள்.

காலையில் போட்ட வட்டத்தில் தட்டினாள்.

டக்.

காதுக் கோளாறு என்று நினைத்து மறுபடி தட்டினாள். டக். கல்லுப் போல் இருந்தது. வாசல் பக்கமாக ஒரு முழம் தள்ளித் தட்டினாள்.

தொம்.

பயந்துவிட்டாள். பேய் பயம் இல்லை. பரவுகிறதே, சரிதாவுக்கு என்ன சொல்வது என்ற பயம். இரண்டாவது வட்டம் போட்டாள். இன்னும் ஒரு முழம் தள்ளித் தட்டினாள். தொம். மூன்றாவது வட்டம். சந்தேகம் வந்து, இரண்டாவதில் திரும்பத் தட்டினாள்.

டக்.

பரவவில்லை... நகர்கிறது.

அவள் தட்டும் இடத்துக்கு வருகிறது.

கை நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று இன்றும் அவளுக்குத் தெரியாது. இன்னொரு வட்டம். அதற்கப்பால் இன்னொன்று. நிமிர்ந்தபோது வாசல் நிலை ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

சுத்தியைக் கீழே வைத்தாள். சாக்பீஸும் விரலிலிருந்து நழுவியது.

சத்தமில்லை.

நீண்ட நேரம் சத்தமில்லை...

டக்.

அவள் தட்டவில்லை.

டக்... டக்...

உள்ளேயிருந்து. மெதுவாக. நிலையை நோக்கி.

மரம் ஒருமுறை முனகியது.

அப்புறம் ஒன்றுமில்லை. காற்றில்லாத வெயிலில் வாசல் திரை மட்டும் வெளிப்பக்கமாக விலகி, பின் விழுந்தது.

திரும்பி வந்த கன்னியப்பன் சுவர் முழுக்கத் தட்டினார். எங்கும் டக். “வெயில் ஒனக்கு ஒத்துக்கல பாப்பா. போய் மோர் குடி.” கீழே விழுந்த சாக்பீஸைத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

சரிதா வந்ததும் வட்டங்களைத்தான் பார்த்தாள். மூலையிலிருந்து வாசல் வரை.

“இத்தினி எடத்துல தட்டுனீங்களா?”

“ஏன்க்கா?”

“மாமியார் இருந்த வரைக்கும் அந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிக்க விட்டதில்ல. தட்டுனா, உள்ள இருக்கறது கூப்புடறோம்னு நெனச்சுக்குமாம். நான் சிரிப்பேன். காலையில சொல்லலாம்னு வந்தேன்... நீங்களும் சிரிப்பீங்கன்னு விட்டுட்டேன்.”

பூவிழி சிரிக்கவில்லை. சுவர் உறுதி என்று சொன்னாள். அது பொய்யும் இல்லை. வீடு பிழைத்தது.

மழைக்காலம் முடிந்து பூச்சு வேலை தொடங்கியது. கன்னியப்பன் பழைய பூச்சைப் பாளம் பாளமாகப் பெயர்த்தார். ஒன்றைத் திருப்பிப் பார்த்தவர், பூவிழியைக் கூப்பிட்டார். அன்று அவர் கிண்டல் செய்யவில்லை.

செங்கல்லோடு ஒட்டியிருந்த உள்முகம். நூறு வருடமாக வெளிச்சம் படாத பக்கம். அதில் சாக்பீஸ் வட்டம். பூவிழி வெளியே போட்ட ஒவ்வொரு வட்டத்துக்கும் நேர் பின்னால், உள்ளே ஒன்று.

நிலையை ஒட்டிய கடைசிப் பாளத்தில் மட்டும் பாதி வட்டம். அந்த இடத்தில் பூவிழி கோடே போட்டதில்லை. மீதிப் பாதி நிலையின் மரத்தில், தெருப்பக்கம் பார்த்து இருந்தது.

“நெலையில இது எப்போ வந்துச்சுக்கா?”

“அன்னிக்கே இருந்துச்சே,” என்றாள் சரிதா. “நீங்க போட்டதுன்னுதான் மேடம் நான் அழிக்கல.”