ஆறு பேர் உட்கார்ந்த மேஜை

பெங்களூர் விவேக் நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பேர் கூப்பிடுவதுதான் விஜிக்கு வேலை. கன்னடம், தமிழ், உருது என்று ஆளுக்கேற்ற மொழியில் கூப்பிடுவாள். எந்தக் கூட்டத்திலும் அந்தக் குரல் கேட்டுவிடும். வயது நாற்பத்து நான்கு. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம் தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றாள்; பேச்சு அதோடு நின்றது. அதற்காக அவள் அழுததாக, அவர்கள் குடியிருந்த ஆஸ்டின் டவுனில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

தம்பி நாகேஷுக்கு முப்பத்தெட்டு. ஆட்டிசம் என்ற சொல் அந்த வீட்டுக்குள் வந்தபோது அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. அதுவரை ஊர் வேறு சொற்களை வைத்திருந்தது. அவற்றை எழுதிக் கையைக் கெடுத்துக்கொள்வானேன். ஒரு மருந்துக் கிடங்கில் அட்டைகளைத் தேதிவாரியாக அடுக்குகிற வேலை. பதினோரு வருடத்தில் ஒரு பிழை கிடையாது.

அவன்தான் போனில் ரம்மி ஆடப்போனான். காசாசை இல்லை. அங்கே ஒரு மேஜைக்கு ஆறு பேர், யாருடைய முறை என்று விளக்கு எரிந்து சொல்லிவிடுகிறது, முறை தவறி யாரும் குறுக்கே வருவதில்லை என்று ஒருமுறை அக்காவிடம் சொன்னான். வெளியுலகம் அவனுக்கு அந்த விளக்கை ஒருநாளும் காட்டியதில்லை. நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் அவன் சேமிப்பையும் விஜியின் கழுத்துச் சங்கிலியையும் விழுங்கிவிட்டது.

பிறகு சட்டம் வந்து, பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையெல்லாம் மூடினார்கள். சனியன் ஒழிந்தது என்று விஜி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

மூன்றாம் நாள் மாலை ஆறு நாற்பதுக்கு நாகேஷ் வழக்கம்போலக் கூடத்துத் தரையில் உட்கார்ந்தான். கையில் அணைந்த போன். விரல் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் நகர்ந்தது, நின்றது, முப்பது நொடி காத்தது, மறுபடி நகர்ந்தது. சுற்றிலும் ஐந்து இடங்கள் காலியாக இருந்தன. காலி என்று விஜிதான் நினைத்தாள்.

"மைசூர் ராணி யோசிக்கிறாங்க," என்றான் நாகேஷ், ஆட்டத்தில் அறிவிப்புச் செய்யும் பெண்ணின் அதே இழுப்பில். போனில் அவனோடு ஆடிய ஒருவர் வைத்துக்கொண்ட பேர் அது.

தினமும் இதே கதை. விளக்குமாற்றோடு வந்தால் சுற்றிப் போகச் சொன்னான். ஒரு ஞாயிறு காலை அவன் பால் வாங்கப் போயிருந்தபோது விஜி கூடத்தைப் பெருக்கினாள். முடித்துத் திரும்பிப் பார்த்தால், ஐந்து இடத்தில் தூசி வட்டமாக அப்படியே கிடந்தது. யாரும் சொல்லாமலே அவள் சுற்றிச் சுற்றிப் பெருக்கியிருந்தாள். தம்பி வரும்வரை வாசலிலேயே நின்றாள்.

அடுத்து அவன் வேலைக்குப் போவதை நிறுத்தினான். தான் எழுந்தால் தன் இடத்தில் மெஷின் ஆடும், தன் பேரை வைத்துக்கொண்டு வேறு எதுவோ ஆட விடமுடியாது என்றான். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று கிடங்கில் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு இன்னொரு வேலை யார் கொடுப்பார்கள்?

விஜி போய்ப் பார்த்த மனநல ஆலோசகர் நிருபமா, ஆட்டமே இல்லை என்று அவனிடம் வாதாட வேண்டாம் என்றார். பாதி ஆட்டத்தில் மூடிவிட்டார்கள், அவனைப் பொறுத்தவரை அது இன்னும் ஓடுகிறது. ஆட்டம் எப்படி முடிவுக்கு வரும் என்று அவனையே கேளுங்கள் என்றார்.

கேட்டாள். ஒருவர் மட்டும் மிஞ்சினால் முடியும் என்றான். மிஞ்சியவர் ஜெயித்தவர், ஜெயித்தவர் அடுத்த மேஜைக்குப் போகவேண்டும். அது விதி.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும். மறுநாள் ஆறு நாற்பதுக்கு மைசூர் ராணியின் இடத்தில் விஜி உட்கார்ந்தாள். தரை இளஞ்சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து இடம் விட்டதுபோல.

அவளுக்குச் சீட்டாடத் தெரியாது. அங்கே சீட்டும் இல்லை. விரலை நகர்த்தினாள், காத்தாள். கடைசியில் ஸ்கேன் சென்டர் குரலை எடுத்து, நாகேஷ் சொல்லியிருந்த பேர்களில் ஒன்றைச் சொல்லி, வெளியேறிவிட்டார் என்று அறிவித்தாள். நாகேஷ் அந்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டினான். இப்படி ஒரு நாளைக்கு ஒருவர். ஒவ்வொரு முறையும் வெளிக்கதவு லேசாக அசைந்தது. காற்று என்று சொல்லலாம். அந்த வாரம் பெங்களூரில் ஓர் இலைகூட ஆடவில்லை.

ஐந்தாம் நாள் ராணியும் நாகேஷும் மிஞ்சினார்கள். ராணி எழுந்தால் நாகேஷ் ஜெயிப்பான். அப்புறம் அடுத்த மேஜை, அதற்கடுத்த மேஜை. விஜி எழுந்திருக்கவில்லை.

"நாகேஷ் வெளியேறிவிட்டார்," என்றாள். ஆயிரம் பேரைக் கூப்பிட்ட குரல் அன்று நடுங்கியது.

முப்பது நொடி அவன் அசையவில்லை. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, கூடத்தின் நடுவே நேராக நடந்து சமையலறைக்குள் போனான். நாகேஷ் என்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். என்ன காரியம் செய்துவிட்டேன், பிள்ளையையே அனுப்பிவிட்டேனா என்று அவளுக்கு உயிர் போயிற்று.

"மேஜையில இருந்த நாகேஷ் போயிட்டாரு அக்கா. நான் இங்கதான் இருக்கேன்," என்றான் உள்ளேயிருந்து, தன் சொந்தக் குரலில்.

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. விஜி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனான். மாலை விஜி வீடு திரும்பியபோது அவன் குளித்துவிட்டுச் சாம்பாரைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தான். மணி ஆறு நாற்பது ஆகப்போகிறது, புது மேஜை, ஐந்து பேரும் வந்துவிட்டார்கள் என்று அக்காவிடம் சொன்னான். நாகேஷுக்கு விளையாட்டாகப் பேச வராது.

எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஜெயித்தவள் போகாவிட்டால் அந்த இடத்தில் தம்பிதான் போய் உட்காருவான் என்பதும் அவளுக்குத் தெரியும். தோள்பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள்.

நாகேஷ் அந்த ஐந்து இடங்களையும் கவனமாகச் சுற்றி வந்து, அவள் பக்கத்தில் தட்டை மூடி வைத்தான்.

"முடிச்சிட்டு சாப்புடு. அதுவரைக்கும் நானும் சாப்புடல," என்றான்.

சரியென்று தலையாட்டிவிட்டு விஜி காத்திருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.