அவள் கணக்கும் என் மண் உருளைகளும்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் நானும் என் தோழியும். அவள் மேலே படிக்கப் போனாள். நான் இடப்பள்ளியில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சில வருடங்கள் கழித்து அதே கூடத்துக்கு அவள் என்ஜினீயராக வந்தாள்.

சாலைக்கு அடியில் போடும் மண்ணை இடித்து இறுக்கி உருளையாக்கி, இயந்திரத்தில் வைத்து அழுத்தி, அது எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்று அளப்பது என் வேலை. அரைகுறை ஈரத்தில் மண் துகள்களை நீரே இழுத்துப் பிடித்திருக்கும். நன்றாக நனைந்தால் அந்தப் பிடி தளரும். அதனால் ஒவ்வொரு ஈரத்துக்கும் தனி உருளை. ஈரம் உள்ளே சீராகப் பரவவே நாட்கள் ஆகும். இந்தப் பொறுமை எனக்கு மட்டும்தான் உண்டு என்று ஒரு கர்வம் இருந்தது.

அவள் என் பழைய அளவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு கணக்கு எழுதினாள். மண்ணின் ஈரத்தையும் இறுக்கத்தையும் கொடுத்தால் போதும், விறைப்பு எவ்வளவு என்று அது சொல்லிவிடும். மேலதிகாரி பூரித்துப்போனார்.

"கொள்ளாமல்லோ மோளே!" என்று அவளை மெச்சினார். மகளே என்கிற அந்த 'மோளே' அதுவரை எனக்கு மட்டும் கிடைத்து வந்தது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் மசாலா லாரிகள் போகும் ஒரு சாலைக்குப் புதுச் செம்மண் வந்தது. மழையில் ஊறிய பிறகு அது எவ்வளவு விறைப்போடு நிற்கும் என்று அவள் முதலில் சொல்ல வேண்டும். பிறகு நான் அளக்க வேண்டும். தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் மண்ணை இடித்தேன்.

அளந்தபோது அவள் சொன்னதில் பாதிகூட வரவில்லை. அவள் முகம் வாடியது.

"எங்கயோ தெற்றிப்போச்சு. முழுசும் மாத்தி எழுதணும்" என்றாள்.

எனக்குள் ஒரே குதூகலம். உருளையைக் கழற்றும்போதுதான் அடிப்பக்கம் ஒரு விரிசலைப் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. குப்பையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அவள்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. ஆனால் உடைந்த உருளையை வைத்து ஜெயித்தால் என் அளவுக்கு என்ன மதிப்பு?

"ஒண்ணும் மாத்தாதே. இது விண்டிருக்கு, அதான் குறைச்சலா வந்துது. வேற இடிச்சு அளக்கறேன்" என்றேன்.

சில நாட்கள் கழித்து அளந்த இரண்டாவது உருளை அவள் கணக்கை ஒட்டியே வந்தது. மேலதிகாரி அவளுக்குக் கை கொடுத்தார்.

அவளோ நேரே என்னிடம் வந்தாள். "நீ சொல்லலேன்னா அந்தக் கணக்கையே கலைச்சிருப்பேன்டி. வா, சாயா குடிக்கலாம்."

அவள் நல்லவளாக இருந்ததே எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

"சாயா வேண்டா. அந்தக் கணக்கை நீ எப்படிப் போட்டேன்னு காட்டித் தா" என்றேன்.

தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். பொறாமை துளிகூடக் குறையாமலேதான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.