எண்பத்துநாலில் வந்தவர்கள்

பழைய இரும்பைக் கொஞ்ச நேரம் பொத்திப் பிடித்திருந்தால் உள்ளங்கையில் ஒரு மணம் ஒட்டிக்கொள்ளும், வியர்த்த கைக்குள் குற்றிக்காசை நெடுநேரம் வைத்திருந்ததுபோல. ஏழாம் வகுப்பில் ஒருநாள் நான் அந்த மணத்தோடு வீட்டுக்கு வந்து, அம்மா சோறு போட்டுவிட்டுக் கை கழுவச் சொன்னபோது வலக்கையை மட்டும் கழுவிவிட்டு, இடக்கையை மடிக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு சாப்பிட்டேன். என்னோடு படித்த ஹெதர் என்ற வெள்ளைக்காரப் பிள்ளை வகுப்புக்குக் கொண்டுவந்திருந்த ஒரு கோடரியின் மணம் அது. பிடி எப்போதோ உக்கிப்போய்விட, வெறும் இரும்புதான் மிச்சம். தன்னுடைய பூட்டனுக்கும் பூட்டனான ஜேக்கப் என்பவர் கனடாவுக்கு வந்தபோது அரசாங்கம் கொடுத்த கோடரி இது என்று எல்லோருக்கும் முன்னால் சொன்ன ஹெதர், சொல்லி முடித்ததும் கொட்டாவி விட்டாள். அந்தக் கொட்டாவியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்காபரோவில், லிஃப்ற் வேலை செய்கிற நாளைவிடச் செய்யாத நாள் கூடிய ஓர் அடுக்குமாடியில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆசிரியை எல்லாப் பிள்ளைகளையும் தங்கள் குடும்பக் கதையைத் தேடி எழுதி, பெற்றோர் வருகிற ஒரு மாலையில் மேடையேறிச் சொல்லச் சொல்லியிருந்தார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், நாங்கள் ஏன் ஊரைவிட்டு வந்தோம், அப்பாவின் அப்பா யார், அவருக்கும் அப்பா யார் என்று ஒரே மூச்சில் கேட்டேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "கேஸ் முடியட்டும், பாப்பம்" என்றா.

எங்கள் வீட்டில் எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில். சைக்கிள் வாங்குவதும் கேஸ் முடிந்த பிறகுதான், சுவரில் ஆணி அடிப்பதும் கேஸ் முடிந்த பிறகுதான். எங்களை அகதியாக ஏற்பதா இல்லையா என்று விசாரிக்கிற நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அந்த விசாரணை அறையில் அப்பா சொல்லப்போகும் கதையும் பள்ளிக்கூடத்தில் நான் உளறுகிற கதையும் ஒரு சொல் மாறினாலும் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ அப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆகவே ஊர்க் கதை எனக்கும் சொல்லப்படவில்லை, நான் ஒருவருக்கும் சொல்லவும் கூடாது. சின்ன வயதிலேயே அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வெளிக்கிட்டுவிட்டா, அப்பா பிந்தித்தான் வந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பலாலி ஆமி முகாமுக்குக் கிட்ட எங்களுக்கு ஒரு வீடு இருந்தது, ராசமணி மாமி, அதாவது அப்பாவின் தங்கை, ஆமியின் செல்லடியில், குண்டு விழுந்து செத்துப்போனா, அவ்வளவுதான். ஒரு படம்கூட எங்களிடம் இல்லை.

இப்போது சொல்லுங்கள், எனக்கு எரியுமா எரியாதா? வாய் திறக்கக்கூடாத வீட்டில் எனக்குக் கதைப் பசி, கதை கொட்டிக்கிடக்கிற வீட்டில் அவளுக்குக் கொட்டாவி. எங்களிடம் சொல்ல எதுவுமில்லை என்று நான் ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் இரக்கத்தால் நிறைந்துபோனதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அப்படியென்றால் ஹெதரோடு சேர்ந்து அவளுடைய குடும்பத்தைத் தேடு, அவர்கள் "லோயலிஸ்ற்" குடும்பம் என்றார்.

அமெரிக்கர்கள் இங்கிலாந்து ராசாவை எதிர்த்துச் சண்டை பிடித்த காலத்தில் ராசாவின் பக்கம் நின்று, தோற்ற பிறகு வீடுவாசலை விட்டு வடக்கே ஓடிவந்தவர்களுக்கு இந்த நாட்டில் அந்தப் பெயர். எனக்கு அன்று அதெல்லாம் தெரியாது. மற்றப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போகவும் எனக்கு அனுமதி இல்லை. ஆனாலும் இரவுச் சாப்பாட்டில், ஹெதர் வீட்டுக்குப் போகவேண்டும், அவர்கள் லோயலிஸ்ற் என்று சொல்லிப் பார்த்தேன். றெஸ்ரோறன்றில் "கோப்பை கழுவுகிற" வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அப்பா சப்பாத்தைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"லோயர் லிஸ்ற்றோ? அவையிட்ட இருக்காமோ?"

எங்கள் கேஸை எடுத்திருந்த லோயர் போனை எடுப்பதேயில்லை. நல்ல லோயர் ஒருவரைப் பிடிக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த மாதங்களில் அப்பாவின் மண்டைக்குள் வேறு எதுவும் இருக்கவில்லை. அது இல்லை அப்பா என்று நான் ஒருதரம் சொன்னேன். அவர் காதில் அது ஏறவில்லை, நானும் இரண்டாம் தரம் சொல்லப்போகவில்லை. "போட்டு வா பிள்ளை, வடிவாக் கேட்டு வா" என்றார்.

ஹெதரின் வீடு ஏரிப் பக்கமாக, மரங்களுக்குள் இருந்த பழைய செங்கல் வீடு. அங்கே அவளுடைய அப்பாவின் அக்கா, கலியாணம் கட்டாதவர், டொறத்தி என்று பெயர், முன் அறை முழுவதையும் குடும்பத்தில் செத்துப்போனவர்களுக்கு, அவர்களின் கடதாசிகளுக்கும் சாமான்களுக்கும், ஒதுக்கியிருந்தார். நான் வாசலிலேயே "அன்ரி" என்று கூப்பிட்டுவிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது? எங்கள் மாடியில் அம்மா வயதுப் பெண்கள் எல்லோருமே அன்ரிதான். டொறத்தி அன்ரி ஒருகணம் திகைத்து, பிறகு காதுவரைக்கும் சிவந்து சிரித்தார். அவர் கதைத்தது ஆங்கிலம். என் ஞாபகத்தில் அது எப்படியோ எங்கள் ஊர்த் தமிழாகவே கேட்கிறது.

அந்த இலையுதிர்காலம் முழுவதும் பள்ளி விட்டதும் அங்கேதான் கிடந்தேன். ஜேக்கப் மாவு ஆலை வைத்திருந்தவர். மனைவி பெயர் கத்தரீனா. ஆலையையும் வீட்டையும் எரித்துவிட்டார்கள், வழியில் ஒரு கைக்குழந்தையைப் புதைத்தார்கள், ஒரு குளிர்காலம் முழுக்கக் கூடாரத்தில் கிடந்தார்கள், பிறகு அரசாங்கம் காணியும் கோடரியும் விதையும் கொடுத்தது. ஜேக்கப்பின் மகன் யார், அவனுடைய மகன் யார் என்று ஹெதர் வரைக்கும் மூச்சு விடாமல் சொல்ல நான் பழகிக்கொண்டேன். ஹெதருக்கு இரண்டு பேரின் பெயர்கூட ஒழுங்காக வராது. தெருவில் போகிறவன் தூக்கிக்கொண்டு போகட்டும் என்பதுபோல இவ்வளவு சொத்தையும் போட்டுவைத்திருக்கிறாளே என்று நான் அவளை முறைத்துப் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை அன்ரி எங்களைக் காரில் ஏற்றி, கிழக்கே ஒரு பழைய இடுகாட்டுக்குக் கூட்டிப்போனார். பாசி பிடித்த கல்லைத் தும்புத் துடைப்பத்தால் தேய்த்து, மேலே மெல்லிய கடதாசி விரித்து மெழுகுக்கட்டியால் உரசினால் பெயர் மெல்ல மெல்ல எழுந்து வரும். ஹெதர் காருக்குள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு இருந்தாள். ஜேக்கப்பின் பெயரை நான்தான் உரசி எடுத்தேன். நல்லாய்ச் செய்தாய், நீயே வைத்துக்கொள் என்று அன்ரி கடதாசியைச் சுருட்டி என் கையில் தந்தார். அதைப் பார்த்த ஹெதர் கார்க் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அவ என்ர அன்ரி. உன்ர இல்லை."

கொட்டாவி விடாமல் அவள் சொன்ன ஒரே வசனம் அதுதான். அவளுக்கும் எரிந்ததில் எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் அவள் சொன்னதில் பிழையில்லை என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

இதற்கிடையில் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. லிஸ்ற் எங்கே, லிஸ்ற் எங்கே என்று கேட்டுக் களைத்து, ஒருநாள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு என்னைக் கூட்டிப்போகத் தானே நேரில் வந்துவிட்டார். டொறத்தி அன்ரி தேத்தண்ணி கொடுத்தார். அப்பா கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "மேடம், உங்கட லோயர் லிஸ்ற்..." என்று தொடங்கினார். தான் உயிரையே வைத்திருக்கிற லோயலிஸ்ற் பெயர்ப் பட்டியலைப் பற்றிக் கேட்க ஒரு பெரிய மனுசன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று அன்ரி நினைத்துக்கொண்டார். பரம்பரை பரம்பரையாக அந்த மனிதர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜேக்கப் வந்தார் என்று சொல்லமாட்டார்கள், நாங்கள் வந்தோம் என்பார்கள். ஆயிரத்து எழுநூற்றையும் சொல்லமாட்டார்கள்.

"ஓம், நாங்கள் லிஸ்ற்றில இருக்கிறம். எண்பத்துநாலில வந்தனாங்கள்" என்றார் அன்ரி.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. எண்பத்துமூன்று யூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வெளிக்கிட்ட வருசம் அல்லவா அது! எங்கட சனமும் கனபேர் அப்பதான் வந்தது என்றார். வீடு என்ன ஆனது என்று கேட்டார். எரித்துவிட்டார்கள் என்றார் அன்ரி. எங்கட வீடும் இல்லை என்றார் அப்பா. கேஸ் கனகாலம் போனதோ என்று கேட்டார். எரிந்த ஆலைக்கு நட்டஈடு கேட்டு ஜேக்கப் போட்ட கேஸை நினைத்துக்கொண்டு, வருசக்கணக்காய்ப் போனது, சாட்சிக்கு ஆள் பிடிக்கத்தான் பெரும்பாடு என்று அன்ரி பெருமூச்சு விட்டார். வாயைத் திறந்து நான் திருத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் அவ்வளவு ஒற்றுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"விசாரணையில என்ன கேட்டவை?" அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"எதிராளியளுக்கு ஏன் மா வித்தனீ எண்டு கேட்டவை."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். பெடியளுக்கு, அதாவது ஆயுதம் தூக்கிய இயக்கக்காரருக்கு, நீ ஏன் அரிசி கொடுத்தாய் என்று கேட்பார்கள், என்ன சொல்லப்போகிறாய் என்று லோயர் அவரைப் பயப்படுத்தியிருந்தது அன்று எனக்குத் தெரியாது. அப்பா, "குடுக்காட்டி விட்டிருப்பாங்களோ, மேடம்?" என்று கேட்டார்.

"அதையேதான் ஜேக்கப்பும் சொன்னவர்."

அவ்வளவுதான். வருசக்கணக்காய்ப் பூட்டிவைத்திருந்த வாய் திறந்துகொண்டது. தன் பேரனார், அதாவது அப்பாவின் அப்பா, சின்னத்தம்பி மலாயாவில் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து, பென்சனோடு வந்து கட்டிய வீடு அது என்றார். கிணற்றடி, பின்வளவுப் பலா, எல்லாம் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் வந்தது. அன்ரி அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லச் சொல்லி, நாக்கை வளைத்துப் பழகினார்: சின்-னத்-தம்-பி. என் பூட்டனின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது ஹெதர் வீட்டுச் சோபாவில் இருந்துதான். அதுவும் எனக்குச் சொல்லப்படவில்லை, நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவே. நான் கேட்டபோது கேஸ் முடியட்டும், இந்த மனுசி கேட்டால் மட்டும் பலாமரம் வரைக்கும்! என்னால் தாங்க முடியவில்லை. எழும்பி, படியில் தடதடவென்று இறங்கி, ரிவியில் வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்த ஹெதருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். மேலே அப்பாவின் குரல் ஏறுவதும் இறங்குவதும் கேட்டது. திரும்பி மேலே வந்தபோது அன்ரி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் அப்பா, நல்ல மனுசி, பாவம், சரியாய்க் கஷ்டப்பட்டிருக்கினம் என்றார். நான் வன்மத்தோடு, "அப்பா, அது இருநூறு வருசத்துக்கு முந்தி" என்றேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

"அப்ப அவையின்ர லோயர் செத்திருப்பான்" என்றார் கடைசியில்.

சொல்லிவிட்டு, பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, கண்ணீர் வரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் போன பிறகு அன்ரிக்கு என்ன சொன்னீங்கள் என்று கேட்டேன். "கேஸ் முடியட்டும், சொல்லுறன்" என்றார்.

கேஸ் அடுத்த வருசம் சரி வந்தது. அதற்குள் பள்ளிக்கூட மேடையில் ஜேக்கப்பின் கதையை நான் சொல்லி, ஹெதர் கோடரியைத் தூக்கிக் காட்டி, எல்லோரும் கைதட்டியும் முடிந்திருந்தது. பிறகு அப்பாவுக்கு இரண்டாவது வேலை வந்தது, மில்லிக்கனில் வீடு வந்தது, எனக்கும் வாய்க்கு வாய் பதில் சொல்கிற வயது வந்தது. சொல்லவும் நேரமில்லை, கேட்கவும் மனமில்லை. அப்பா கண்ணை மூடிச் சில வருசமாகிறது.

போன மாரியில் ஹெதர் என்னைத் தேடிப் பிடித்துப் போன் எடுத்தாள். டொறத்தி அன்ரி எப்போதோ காலமாகிவிட்டார். ஏரிப் பக்க வீட்டை இடித்து அந்த இடத்தில் கண்ணாடி மாடி எழும்பியிருக்கிறது, கோடரி எந்தப் பெட்டியோடு போனது என்று ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய மகளுக்கும் இப்போது பள்ளியில் அதே வேலை கொடுத்திருக்கிறார்களாம். உனக்குத்தானே எல்லாம் பாடம் என்றாள். ஜேக்கப்பிலிருந்து அவள் வரைக்கும் நான் மூச்சு விடாமல் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

எழுதி முடித்துவிட்டு ஹெதர் கேட்டாள். உன் அப்பாவின் கதையை அன்ரி ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்மஸ் விருந்தில், எங்களுக்குச் சொல்லுவா. வெளிக்கிட்ட அன்று உன் அப்பா வாசல் படலைவரை வந்தவர் திரும்பிப்போய்த் தங்கையைக் கூப்பிட்டாராமே? நீங்கள் நடவுங்கோ அண்ணை, நான் மாட்டை அவிழ்த்து விட்டிட்டு வாறன் என்று அவ நின்றாவாமே? அந்த மாட்டை அவிழ்த்தாவோ இல்லையோ என்று அன்ரிக்குக் கடைசிவரை ஒரே யோசனை. உனக்குத் தெரியுமா?

எங்களுக்கு ஒரு மாடு இருந்ததே எனக்குத் தெரியாது. பிறகு அம்மாவிடம் கேட்டபோது அம்மாவும், எனக்கும் அவர் சொல்லேல்லை என்றா. ஆனால் அது பிறகு. அன்றைக்குப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகைக்கு முன்னால் வந்தது பழைய அந்த எரிச்சல்தான். வருசா வருசம், நத்தார் மேசையில், கேக்கைத் தின்றுகொண்டு இவர்கள் என் மாமியின் கதையைக் கேட்டிருக்கிறார்கள்.

"அவ என்ர அன்ரி" என்றேன். "உன்ர இல்லை."

ஹெதருக்கு அந்த வசனம் ஞாபகமில்லை. ஓம் ஓம், உன்னுடைய அன்ரிதானே என்றாள், ஒன்றும் விளங்காமல். நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"சரி, இனி முதலிலயிருந்து சொல்லு" என்றேன்.