மாப்பிள்ளைக் குதிரை ஓடிய ஓட்டம்

தங்கச்சியின் கணவர், என் மச்சான், தில்லையடியில் ஒரு குதிரை வளர்க்கிறார். கலியாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமப்பதுதான் அதன் தொழில். முன்னால் றபான் மேளம் அடித்துக்கொண்டு ஆட்கள் போவார்கள். பின்னால் அது கழுத்தை வளைத்து, அடிமேல் அடி வைத்து வரும். இப்போது மாப்பிள்ளைமார் காரில் வருகிறார்கள். குதிரை மட்டும் தீனியைக் குறைக்கவில்லை. தங்கச்சிக்கு அது கண்ணில் தூசி.

நுரைச்சோலைப் பக்கம் களப்புத் தண்ணீர் ஓரத்து வெளியில் குதிரை ஓட்டம் வைக்கிறார்கள் என்றதும் மச்சான் அவளிடம் ஒரு பேச்சுப் பேசினார். வென்றால் குதிரை வீட்டில் இருக்கும். தோற்றால் மறுநாளே, அதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்த சிலாபத்து ஆளுக்கு விற்றுவிடுவது. அவள் சரி என்றாள். சாட்சிக்கு நான். பந்தயத்தில் காசு கட்டினால் ஹராம். குதிரையையே கட்டிவிட்டார் மனுசன்.

அஸர் தொழுதுவிட்டு லொறியில் போனோம். குதிரை முன்னால், எங்கள் தெரு ஆட்கள் பின்னால், வென்றால் அடிப்பதற்கு இரண்டு றபான்களும். நல்ல கூட்டம். காற்று கச்சான் கடலைத் தோலையும் மணலையும் ஒன்றாக வாயில் போட்டது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிக்கு அந்தப்பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நேரம் நன்றாகப் பிடித்திருந்தது. தங்கச்சி பெண்கள் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், வந்ததே பிடிக்காதவள்போல இருந்தாள்.

மச்சான் ஏறினால் குதிரை படுத்துவிடும். ஆகவே உச்சமுனையில் மீன்பிடிக்கும் ஒல்லியான உறவுக்காரர் ஒருவர் ஏறினார். ஓடியவை நான்கு குதிரைகள். பாதி தூரத்தில் எங்களுடையது முந்தியது. என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் தங்கச்சி கதிரைக்கு மேலே ஏறி நிற்கிறாள்.

"என்னத்துக்கு சும்மா நிக்கிறீங்க, றபான அடிங்களேன்" என்று எங்கள் ஆட்களைப் பார்த்துக் கத்தினாள்.

அடித்தார்கள். குதிரை காதை நிமிர்த்தியது. ஓட்டத்தை விட்டது. கழுத்தை வளைத்து, அடிமேல் அடி வைத்து, மணவீட்டு வாசலுக்குப் போவதுபோல எல்லைக் கோட்டை நோக்கி நடக்கத் தொடங்கியது. மேலே இருந்தவர் என்ன செய்தும் அசையவில்லை. மற்ற மூன்றும் அதைத் தாண்டிப் போயின. வெளி முழுவதும் சிரித்தது. நானும் வயிறு நோகச் சிரித்தேன். மச்சானின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

அவர் குதிரையின் வியர்வையைத் தன் தோள் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கச்சி வந்தபோது நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சென்ன சொல்லு சென்னதுதான். நாளைக்கு அந்த ஆளுக்குக் கோல் எடுக்கிறன்" என்றார்.

தங்கச்சி அண்ணன்காரன் என் பக்கம் திரும்பினாள். "நானா, நீங்கதானே சாட்சி. றபான அடிக்கச் சென்னது ஆரு?"

"நீதான்."

"அப்ப தோத்தது நான். குதிர அதுக்குப் படிப்பிச்சதத்தான் செஞ்சிச்சி. அத விக்கிறண்டா என்னையும் சேத்து வில்லுங்க."

மச்சான் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். துவாயை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

மக்ரிப் தொழுகைக்கு முன் வீட்டுக்குப் போக வேண்டும். குதிரையோ லொறிப் பலகையில் கால் வைக்க மறுத்தது. இழுத்தும் பார்த்தோம், தள்ளியும் பார்த்தோம். கடைசியில் தங்கச்சி ஒரு றபானை வாங்கி, லொறிக்குள் ஏறி நின்று, மெல்லத் தட்டினாள். குதிரை கழுத்தை வளைத்துக்கொண்டு அவளிடம் ஏறிப் போனது.